மூன்று ஏ

ஒன்று, இரண்டு, மூன்று என்று
சரியாகத்தான் வருவான்.
அப்புறம் ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு
மூன்று ஏ என்பான் ரூபேஷ்வரன்.
ஐந்து, ஆறு, ஏழு,
பத்து வரை தடங்கலே இல்லை.

ஜனவரியில் சிரித்தேன்.
மார்ச்சில் நான்கு ஆரஞ்சுப் பழம் வரைந்து
அவன் மேசையில் ஒட்டினேன்.
விரலைப் பிடித்து ஒவ்வொன்றாய்த் தொடவைத்து
நான்கு, சொல்லு, நான்கு.
தொட்டான்.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்,
கல்யாண வீட்டு மேடையில்
சுருதி விலகிப் பாடுகிறவரைப்
பார்ப்பதுபோல, கொஞ்சம் இரக்கத்தோடு.

வயசு கேட்டாலும் அதே கதை.
நாலு விரலை விரித்து
மூன்று ஏ, டீச்சர்.
அடுத்த வருஷம் ஐந்து.

பசியாறும் நேரம் காக் ரொஹானா
பிஸ்கட் டின்னோடு வருவார்.
பெராப்பா, சாயாங்?
தீகா ஏ.
ஒரு வார்த்தை பேசாமல்
நாலு பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு
அடுத்த பிள்ளைக்கு நகர்ந்துவிடுவார்.
செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று
அன்றைக்கு நான் நினைத்தது
இந்தக் கவிதையிலேயே இருக்கட்டும்.

ஆண்டிறுதிப் பாரத்தில்
எண் அறிதலுக்கு மூன்று கட்டம்:
அடைந்தார், முயல்கிறார், உதவி தேவை.
மூன்றாவதில் கோடு போட்டேன்.
கீழே, எல்லாப் பிள்ளைக்கும் எழுதுவதை எழுதினேன்:
'வீட்டிலும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.'
மடித்து அவன் பையில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் மழை.
பாயான் லெப்பாஸிலிருந்து அவன் அம்மா தேவமலர் அழைத்தாள்,
ஃபேக்டரி பஸ் இன்னும் கிளம்பலை டீச்சர்,
அவங்கப்பா அசந்து தூங்குறார், போனை எடுக்கலை,
கொஞ்சம் கொண்டுபோய் விட்டுடுறீங்களா.

பாயா தெருபோங்கில்
மலையை மறைத்துக்கொண்டு நிற்கும் கட்டடங்களில் ஒன்று.
லிஃப்டுக்குள் ஈரக் குடை நாற்றம்,
உடைந்த கண்ணாடி, யாரோ கீறிய பெயர்.
எனக்கு எட்டாது, நீங்க அமுக்குங்க, என்றான்.
எந்த மாடி?
பதின்மூன்று ஏ.

பித்தளைப் பொத்தான்கள் வரிசையாய்.
1
2
3
3A
5
கூடவே ஏறிய சீனத்து அம்மாள்
கோழிச்சோற்றுப் பொட்டலத்தை மாற்றிப் பிடித்தார்.
அவர் மொழியில் நான்கு
சாவைப்போல ஒலிக்கும் என்பது
நாற்பது வருஷமாய் இந்தத் தீவில் இருக்கும்
எனக்குத் தெரியாததா?
தெரிந்ததைக் கொண்டுபோய் எங்கே வைத்திருந்தேன்?

விளக்கு ஒவ்வொன்றாய் எரிய எரிய
அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.
வகுப்பில் நாங்கள் இன்னும் தொடாத
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
கதவு திறந்தபோது முடித்திருந்தான்.

அப்பா கதவைத் திறந்தார்,
கன்னத்தில் தலையணையின் மடிப்பு,
ஆணியில் தொங்கும் காவலாளிச் சட்டை.
நல்லா எண்ணுறான் என்றேன், வேறென்ன சொல்வது.
சிரித்தார்.
இவங்கம்மா வர்ற நேரம் நான் கிளம்பணும், டீச்சர்.
அவளைக் கூட்டிவர இறங்குவோம்ல,
அந்த லிஃப்ட்ல போற நேரந்தான்
எனக்கும் அவனுக்கும்.

தேதி போட மறந்துட்டேன் என்று
பொய் சொல்லிப் பாரத்தைத்
திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து
கரும்பலகையில் 3A எழுதி
அதன் பக்கத்தில் 4 எழுதினேன்.
மூன்று ஏ-வுக்கு இன்னொரு பேர் இருக்கு, ரூபேஷ்,
நான்கு.

பிஸ்கட்டை மென்றுகொண்டே
வெகுநேரம் பார்த்தான்.
அங்கே யார் குடியிருக்காங்க, டீச்சர்?